அவசர சிகிச்சையில் ஸ்கேன் பரிசோதனை வருமானம் பாராமல் கிடைக்கக் கோரும் மனு

பெறுநர்: அரசு முதன்மைச் செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

அனுப்புநர்: கட்டுமான, விவசாயக் கூலித் தொழிலாளர் சங்கத்தின் மாவட்டக் குழு.

பொருள்: அவசர சிகிச்சைப் பிரிவில் சி.டி. உள்ளிட்ட ஸ்கேன்களைக் கட்டணமும் சான்றும் கேட்காமல் உடனடியாக எடுக்க ஆணையிடக் கோருதல்.



தலையில் அடிபட்டோ பக்கவாதம் தாக்கியோ கொண்டுவரப்படும் நோயாளிக்கு அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சி.டி. ஸ்கேன், அதாவது எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களில் செலுத்தி உடலின் உட்பகுதியைக் குறுக்குவெட்டுப் படங்களாகக் காட்டும் பரிசோதனை. பக்கவாதம் மூளையின் இரத்தக் குழாயை இரத்தக்கட்டி அடைத்ததால் வந்ததா, குழாய் வெடித்து இரத்தம் கசிந்ததால் வந்ததா என்பதை வெளி அறிகுறிகளை மட்டும் கொண்டு உறுதி செய்ய இயலாது. அடைப்பு என்றால் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும்; கசிவு இருக்கையில் அதே ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஸ்கேன் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதும், அதற்கெனத் தனிக் கட்டணமோ தகுதிச் சான்றோ கேட்பது முறையாகாது என்பதும் இச்சங்கத்தின் நிலைப்பாடு.

அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு 2,500 ரூபாய் என்ற அளவில் கட்டணம் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. தனியார் ஸ்கேன் மையங்களோடு ஒப்பிட்டால் இது குறைவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்றாடக் கூலியை அன்றன்றே செலவிடும் குடும்பத்துக்கு நள்ளிரவில் இத்தொகையைப் புரட்டுவதே பெரும்பாடாகி, அதற்குள் பொன்னான நேரம் கழிந்துவிடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இச்சுமையை ஓரளவு தாங்குகிறது என்றாலும், அதில் சேர ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி பெறும் ஒரு கொத்தனார் ஆண்டில் 250 நாள் வேலை செய்தாலே அவரது வருமானம் 1,50,000 ரூபாயாகிவிடும். மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் அவரை வசதி படைத்தவராகக் கொள்வது எவ்வகையிலும் நியாயமாகாது. தகுதி உடையவர்களிலும் அட்டை பெறாதோர் உண்டு; மயங்கிக் கிடப்பவரிடமோ, பதற்றத்துடன் உடன் வந்த சக தொழிலாளியிடமோ அந்த நேரத்தில் அட்டையையும் வருமானச் சான்றையும் கேட்பதால் எப்பயனும் இல்லை.

2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை, வருமானமோ சொந்த மாநிலமோ பாராமல், கட்டணமின்றி அளிக்கிறது. ஏழை, செல்வர் என்ற கேள்வியை அவசர சிகிச்சையின் வாயிலிலேயே நிறுத்திவிட முடியும் என்பதை அரசு தானே இதன்மூலம் நிறுவியிருப்பதை இச்சங்கம் மனமாரப் பாராட்டுகிறது. ஆனால் இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவருக்குக் கிடைக்கும் இச்சலுகை, சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளிக்கும், பனையிலிருந்து விழுந்த மரமேறிக்கும், வயல்வேலையின்போது பக்கவாதம் தாக்கிய பெண்ணுக்கும் கிடைப்பதில்லை. மண்டைக்குள் கசியும் இரத்தம் எங்கிருந்து விழுந்ததால் வந்தது என்பதைக் கொண்டு வேறுபடுவதில்லை.

இவ்விடத்தில் உச்ச நீதிமன்றம் 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பை நினைவூட்டுவது பொருத்தம். 1992 ஜூலையில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற ஒரு தொழிலாளி, இடமில்லை என்றும் வசதியில்லை என்றும் ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகளால் திருப்பி அனுப்பப்பட்டார். இடையில் தனியார் மருத்துவமனையில் 1,310 ரூபாய் கொடுத்து எடுத்த சி.டி. ஸ்கேனில்தான் அவரது தலைக்குள் இரத்தக்கசிவு இருப்பது தெரிந்தது. முடிவில் தனியாரிடமே ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டு அவர் சிகிச்சை பெற நேர்ந்தது. உரிய நேரத்தில் அவசர சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு அக்கடமையிலிருந்து விலக முடியாது என்றும் நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கியது.

எனவே, அவசர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் எழுதும் எந்த ஸ்கேனுக்கும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் கட்டணத்தை முற்றிலும் நீக்கி, அடையாளம், காப்பீடு குறித்த விசாரணைகளைப் பரிசோதனை முடிந்த பின்னரே தொடங்க வேண்டும் என அரசாணை பிறப்பிக்குமாறு இச்சங்கம் கோருகிறது. மேற்கண்ட 48 மணி நேரத் திட்டத்தைக் காரணம் பாராமல் எல்லாத் தலைக்காயங்களுக்கும் பக்கவாதத்துக்கும் விரிவாக்குவது இதற்கு நேரிய வழி. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. கருவி இருந்தும் இரவில் அதை இயக்க நுட்பநரோ, படத்தைப் படித்து அறிக்கை தரக் கதிரியக்க மருத்துவரோ இல்லாத இடத்தில் நோயாளி மாவட்டத் தலைநகருக்கு அனுப்பப்படுகிறார். ஆம்புலன்சில் கழியும் அந்த நேரமும், உடன் செல்வோர் இழக்கும் கூலியும் ஏழைக்கே கூடுதல் சுமை. ஆகவே மூன்று வேளைப் பணிமுறையில் நுட்பநர்களை நியமிப்பதுடன், படங்களை இணையவழி அனுப்பி மருத்துவக் கல்லூரியிலிருந்து உடனடி அறிக்கை பெறும் ஏற்பாட்டை வட்ட மருத்துவமனை வரை கொண்டு செல்லவும், ஓரிடத்தில் எடுத்த படத்தை மேல்சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை அங்கிருந்தே பார்த்து, தேவையின்றி மறுமுறை எடுப்பதைத் தவிர்க்கவும் வழிசெய்ய வேண்டும்.

எல்லோருக்கும் எப்போதும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது இக்கோரிக்கையின் பொருளாகாது. சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. குழந்தைகளிடம் அதன் தீங்கு கூடுதல். பணமுள்ளவருக்குத் தேவையற்ற ஸ்கேனும் பணமில்லாதவருக்குத் தேவையான ஸ்கேன் மறுப்பும் ஒரே குறைபாட்டின் இரு விளைவுகள். இரண்டிலும் முடிவெடுப்பது பணமே. 2001இல் வெளியான கனடா தலைக்காய ஸ்கேன் விதி போன்ற, எவருக்கு ஸ்கேன் தேவை என்பதை அறிகுறிகளைக் கொண்டு வரையறுக்கும் நெறிமுறையைத் தமிழ்நாட்டுக்கேற்ப வகுத்து, அரசு, தனியார் இரு தரப்புக்கும் கட்டாயமாக்கினால் வீண்செலவு குறையும். அத்தொகையே இலவசப் பரிசோதனைக்கு ஓரளவு துணையாகும்.

நோயாளி வந்து சேர்ந்த நேரத்துக்கும் ஸ்கேன் எடுத்த நேரத்துக்கும் இடையிலான இடைவெளியை ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் வெளியிடவும், இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்கவும் இச்சங்கம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.