யார் அந்த மூன்றாவது ஆசாமி?

சேத்தியாத்தோப்புக் கடைவீதியில் மளிகைக்காரர் உங்கள் பற்றுக் கணக்கை நோட்டில் எழுதி வைக்கிறார். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் ஊர் பேர் தெரியாத ஓர் ஆசாமி மளிகைக் கடை, ஜவுளிக் கடை, மருந்துக் கடை எல்லாவற்றிலும் மூலையில் உட்கார்ந்து, நீங்கள் எதைத் தொட்டுப் பார்த்தீர்கள், எதற்கு விலை கேட்டீர்கள் என்று ஒரே நோட்டில் குறித்துக்கொண்டால்? "எழுந்திரும் ஐயா!" என்று சீறமாட்டீர்களா?

கைப்பேசியில் இந்தக் காரியம் தினமும் நடக்கிறது, சகோதரிகளே! 'குக்கீ' என்று ஒன்று இருக்கிறது. பிஸ்கோத்து என்று எண்ணிவிடாதீர்கள். இணையதளம் உங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்ன அடையாளச் சீட்டு அது. 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் லூ மோன்டுல்லி என்பவர் உண்டாக்கியது. கூடையில் போட்ட புடவை மறுநாளும் கூடையிலேயே இருப்பது அதன் உபயம். அது கடைக்காரரின் நோட்டு. அதே பக்கத்தில் இடம் பிடித்திருக்கும் விளம்பரக் கம்பெனியும் தன் சீட்டைப் போடுகிறதே, அதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. பல தளங்களிலும் அதே கம்பெனி இருப்பதால், நீங்கள் போன இடமெல்லாம் அதற்குத் தெரிந்துவிடுகிறது.

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையைத் தேடினால், நாள் முழுதும் பொம்மை விளம்பரம் பின்னாலேயே வருகிறது. போகட்டும், சிரித்துவிடலாம். ஆனால் வீட்டுக்கு ஒரே கைப்பேசி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போன மருமகள் யாரிடமும் சொல்லாமல் அதைப் பற்றி ஒரு தளத்தில் படிக்கிறாள். மறுநாள் கொழுந்தன் கிரிக்கெட் செய்தியைத் திறந்தால், பக்கத்தில் தொட்டில் விளம்பரம்!

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. குரோமிலிருந்து இந்தச் சீட்டுகளை ஒழிப்பதாக 2020-ல் சொன்ன கூகிள், 2024-ல் பின்வாங்கிவிட்டது. ஆகவே கதவை நாமே சாத்தவேண்டும்.

குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகளுக்குள் போய், தள அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுத்துவிடுங்கள். சஃபாரி தானாகவே தடுக்கிறது. ஏதாவது ஒரு தளம் முரண்டு பிடித்தால் அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். இதனால் வேவு முழுவதும் ஓயாது. பெயர் கொடுத்து நுழைந்த இடத்தில் கணக்கெழுதத்தான் செய்வார்கள். ஆனாலும் மூலையில் இருந்த ஆசாமி எழுந்து போவான். மருமகளும் தன் நல்ல செய்தியைத் தன் வாயாலேயே, தனக்கு இஷ்டமான நாளில் சொல்லிக்கொள்வாள்.