விபத்தை விதி என்று சொல்லி முடித்துவிடலாமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனாஸா வீட்டில் கேட்ட கேள்வி இன்றுவரை என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதிகாலையில் வேலைக்குப் புறப்பட்ட மனிதர் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்துவிட்டார். மோதிய வண்டி நிற்கவில்லை. கூடியிருந்தவர்கள் அனைவரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "ஹயாத்து அவ்வளவுதான். நாம என்ன செய்ய முடியும்?" ஆறுதல் சொல்லப் போன நானும் அதையே சொன்னேன். அப்போது இறந்தவரின் மகன், பள்ளிக்கூடத்தில் படிக்கும் சிறுவன், என்னைப் பார்த்துக் கேட்டான்: "ஹஜ்ரத், அத்தாவுக்கு ஹயாத்து முடிஞ்சிடுச்சு, சரி. இடிச்சவன் மேல தப்பே இல்லையா?"

மத்ரஸாவில் ஆண்டுக்கணக்கில் ஓதிய எனக்கு அந்தச் சிறுவனுக்குச் சொல்ல உடனே பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்கு நான் கொடுக்க வேண்டிய பதில்.

நம் ஊரும் நம் சாலையும்

காவேரிப்பாக்கத்தை அறியாதவர்களும் அதன் பெரிய ஏரியை அறிவார்கள். ஏரியைப் போலவே இன்று ஊரின் அடையாளமாகிவிட்டது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. முன்பு என்.எச். 4 என்றோம், இன்று என்.எச். 48. காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம், வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று நம் மக்கள் வாழும் ஊர்களையெல்லாம் இந்தச் சாலை தொட்டுக்கொண்டே போகிறது. தோல் தொழிற்சாலைக்கும் ஷூ கம்பெனிக்கும் போகும் பெண்கள், கல்லூரி மாணவர்கள், சந்தைக்குக் கீரைக்கட்டு சுமப்பவர்கள் எல்லோரும் ஒரு நாளில் இரண்டு முறையாவது இந்தச் சாலையை மிதித்தாக வேண்டும்.

சாலை அகலமாக அகலமாக வண்டிக்காரருக்கு வசதி. கால்நடையாகப் போகிறவருக்கு? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறுவழிச் சாலையில் ஒரு பக்கத்துக்கு மூன்று தடங்கள். ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர். ஆகப் பத்தரை மீட்டர். வயதான ஒருவர் விநாடிக்கு ஒரு மீட்டர் நடப்பார் என்று வைத்தால், பாதிச் சாலையைக் கடக்கவே பத்து விநாடிக்கு மேலாகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடும். பத்து விநாடியில் 220 மீட்டர்! அதாவது, அந்தப் பெரியவர் முதல் அடி எடுத்து வைக்கும்போது அவருடைய கண்ணுக்கு எங்கோ தூரத்தில் தெரிந்த லாரி, அவர் நடுத்திட்டை அடைவதற்குள் அவர்மேல் வந்துவிடும். ஓட்டுநர் ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனாலும் அதற்குள் வண்டி 22 மீட்டர் ஓடியிருக்கும். இதில் விதி எங்கே வந்தது? வேகமும் தூரமும் அல்லவா கணக்கை முடிக்கின்றன!

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். ஒரு நாளைக்குச் சுமார் 90 பேர்! அதே ஆண்டில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

நம் பகுதியில் 2023-ஐ மறக்க முடியுமா? அந்த ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே சைக்கிளில் பள்ளிக்குச் சென்ற மூன்று மாணவர்கள் கார் மோதி இறந்தார்கள். அடுத்த மாதமே, தர்மஸ்தலா சென்று திரும்பிய ஆம்பூர் பகுதிப் பெண்கள் ஏழு பேர், நாட்றம்பள்ளி அருகே பழுதாகி நின்ற வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, பின்னால் வந்த லாரி வேன்மீது மோதியதில் உயிரிழந்தார்கள். மரணம் மதம் பார்த்து வரவில்லை. சாலையும் மதம் பார்ப்பதில்லை.

தவறுதலாகக் கொன்றாலும் பொறுப்பு உண்டு

'எல்லாம் இறைவன் நாட்டம்' என்று நம்புகிறவர்கள்தான் நாம். ஆனால் அந்த நம்பிக்கை குற்றவாளி ஒளிந்துகொள்ளும் திரையாக மாறலாமா? வேண்டுமென்றே கொல்லாமல் தவறுதலாக ஒரு உயிரைப் போக்கியவனையும் மார்க்கம் சும்மா விடவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடாகிய தியத் உண்டு. அதற்கு மேல் கஃப்பாராவும் உண்டு. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவன் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். ஃபிக்ஹு கிதாபு ஓதிய எந்த ஆலிமைக் கேட்டாலும் இதைச் சொல்வார். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்ற ஒரு சொல்லோடு கணக்கு முடிந்துவிடும் என்றால் இவ்வளவு சட்டம் எதற்கு?

பாதையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று நபிகள் நாயகம் (ஸல்) கற்றுத் தந்ததை நாம் பயானில் சொல்கிறோம். சொல்லிவிட்டு வெளியே வந்து பார்த்தால் என்ன காட்சி? ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வாசலிலிருந்து சாலைவரை நம் இருசக்கர வண்டிகள்! நடைபாதை முழுக்க அடைபட்டுக் கிடக்கிறது. கைக்குழந்தையோடு போகும் தாய், அது முஸ்லிம் தாயோ இந்துத் தாயோ, நடுரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். முள்ளை அகற்றச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள் முள்ளாகவே நிற்கிறோம். ஊருக்கு உபதேசம் என்று நினைக்க வேண்டாம். நேரமாகிவிட்டது என்று என் வண்டியையும் அப்படி நிறுத்திவிட்டு உள்ளே ஓடியவன்தான் நான். முதல் கண்டனம் எனக்கே.

அடுத்து நம் பிள்ளைகள். மீசை அரும்பாத பையனுக்கு வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, 'என் மகன் எப்படி ஓட்டுறான் பாருங்க' என்று பெருமைப்படும் தந்தையரே! 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் உங்களைத்தான் பிடிக்கும். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்றாண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. சிறைக்குப் பயந்து மட்டும் சாவியைப் பூட்டாதீர்கள். அந்தச் சாவியால் இன்னொரு வீட்டுப் பிள்ளை அநாதையாகலாம் என்பதற்குப் பயந்து பூட்டுங்கள்.

அரசு செய்ய வேண்டியது

நம் குறையைச் சொன்னதால் அரசின் குறை மறைந்துவிடாது. மதுரவாயல் - வாலாஜா நெடுஞ்சாலை பராமரிப்பின்றிக் கிடந்ததைக் கண்டு, 2020 டிசம்பரில் சுங்கக் கட்டணத்தில் பாதியை மட்டுமே வசூலிக்கச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. காரில் போனவருக்குப் பாதிக் கட்டணம் மிச்சமானது. அதே சாலையை நடந்து கடப்பவருக்கு என்ன கிடைத்தது? அவர் சுங்கம் கட்டுவதில்லை. ஆகவே அவர் கணக்கிலேயே இல்லை!

கணக்கில் சேர்க்கச் சொல்லி நீதிமன்றம் போனவர் ஒரு தமிழர்தான். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் சிதைந்த உடல்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் 50 நகரங்களின் நடைபாதைகளையும் சாலைக் கடப்புகளையும் தணிக்கை செய்ய உத்தரவிட்டது.

50 நகரங்கள், சரி. காவேரிப்பாக்கம் நகரமல்ல; பேரூராட்சி. நம் சாலையை யார் தணிக்கை செய்வது?

நாமே செய்வோம்

மஹல்லா ஜமாஅத் நிர்வாகிகளே! ஒரு நோட்டும் பேனாவும் போதும். எந்த இடத்தில் மக்கள் அதிகம் கடக்கிறார்கள், எங்கே விளக்கு எரியவில்லை, எங்கே நடுத்திட்டு உடைந்து கிடக்கிறது, எந்த இடத்தில் விபத்து நடந்தது என்று எழுதுங்கள். கோயில் நிர்வாகத்தாரையும் சர்ச்சில் உள்ளவர்களையும் மகளிர் குழுவினரையும் கூட அழையுங்கள். எல்லோரும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ராணிப்பேட்டை ஆட்சியரிடம் கொடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் அவர்தான். விளக்கு, வேகத்தடுப்பு, சுரங்கப்பாதை எது தேவை என்று இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒரு முறை கொடுத்துவிட்டுத் தூங்காதீர்கள். பதில் வரும்வரை போங்கள்.

விபத்து நடந்தால் வேடிக்கை பார்க்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், நெடுஞ்சாலை உதவிக்கு 1033 உண்டு. காயம்பட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சட்டத்தின் 134-ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றிப் பெறுவதற்காகவே வந்தது. மோதிய வண்டி ஓடிவிட்டாலும் குடும்பத்துக்கு உரிமை இல்லாமல் போகவில்லை. 2022 ஏப்ரல் முதல், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் தர விதி இருக்கிறது. நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மையித்து வீட்டில் பிரியாணிச் செலவுக்கு வழி பார்க்கும் நாம், இந்த மனுவை எழுதிக் கொடுக்க ஒரு படித்த இளைஞனை அனுப்பக் கூடாதா?

நடப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். ஃபஜ்ருக்குப் போகும் பெரியவர்கள் வெளிர்நிற உடை அணியுங்கள். கறுப்புப் புர்கா அணிந்த நம் பெண்கள் இருட்டில் ஓட்டுநர் கண்ணுக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிவார்கள். கையில் ஒரு டார்ச் விளக்கு இருக்கட்டும். பழுதாகி நிற்கும் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ உட்காராதீர்கள். சாலையை விட்டு விலகி நில்லுங்கள்.

இனி அந்தச் சிறுவனுக்கு வருகிறேன். மகனே, உன் அத்தாவின் ஹயாத்து இறைவன் கையில் இருந்தது உண்மை. ஆனால் ஸ்டியரிங் ஒரு மனிதன் கையில் இருந்தது. அவன் மேல் தப்பு இருக்கிறது. விளக்குப் போடாத அதிகாரி மேலும், வழியை அடைத்து நின்ற எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. அன்று உன் வீட்டில் வாய்மூடி நின்ற ஹஜ்ரத் மேலும் இருக்கிறது.

அடுத்த ஜும்ஆவில் வண்டியை எங்கே நிறுத்தப் போகிறோம்? அங்கிருந்தே தொடங்குவோம்.