மெத்துன்னு ஒரு பட்டர், மாசாமாசம் ஒரு இஎம்ஐ

கம்பத்துலேர்ந்து பெங்களூரு போய் வேலை பார்க்கிற ஒரு தம்பி கேட்டார்: "டீம்ல எல்லாரும் கோல்ஃப் ஆடுறாங்கண்ணா. மில்டு பிளேடு பட்டர், நோ காஸ்ட் இஎம்ஐ. வாங்கலாமா?"

கோல்ஃப் ஆடுங்க. பெரியகுளத்துல நின்னா தெரியுற மலைக்கு மேல கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895லேயே வந்தாச்சு. நமக்கு ஒண்ணும் அந்நியமில்ல. பட்டருக்குச் செலவு பண்றதும் நியாயம்தான். பார் 72 மைதானத்துல கிரீனுக்கு ரெண்டு பட்னு கணக்கு, 18 கிரீனுக்கு 36. ஆட்டத்துல சரிபாதி!

ஆனா இது இப்போ வேண்டாம். ஒரே ஸ்டீல் கட்டியை மிஷின்ல செதுக்கி எடுக்கிறதுதான் மில்டு, விலை அதுக்குத்தான். அந்த 'மெத்து' பெரும்பாலும் காதுல விழுற சத்தம். பந்தை மாத்தினாலே மாறும். யூரித்தேன் உறை போட்ட பந்து, மலிவான பட்டர்லயும் மெத்துன்னுதான் இருக்கும். தவிர, பிளேடுல நடுவுல படலைன்னா பந்து பாதி வழியில நின்னுடும். புதுசா ஆடுறவங்களை மேலட் கொஞ்சம் மன்னிக்கும்.

நோ காஸ்ட்? விலை 40,000, வட்டி 15%, 12 மாசம்னு வைங்க. வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுடுவாங்க. அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, சுமார் 550 ரூபாய், உங்க தலையிலதான். பிராசசிங் ஃபீ தனி.

ஒரு வருஷம் இரவல் பட்டர்ல ஆடுங்க. அப்புறமும் ஆசை இருந்தா, கையில காசு வச்சு பழசா வாங்குங்க. நீளம் 33, 34, 35 இன்ச்னு வரும். உங்க உயரத்துக்குச் சேருதான்னு நின்னு பார்த்துட்டு காசைக் கொடுங்க.