பழைய லயத்தில் கிடக்கும் நம் ஓட்டு

"அண்ணே, தபால் ஓட்டு பாரம் ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஊருக்குப் போக லீவு கிடைக்காது."

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் ஆறு மாநிலங்களில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதற்குச் சில நாள் முன்பு, ஜொகூர் பாரு தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஒரு தம்பி நம்மிடம் இப்படிக் கேட்டார். கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு வருடங்கள் ஆகிவிட்டன. பெற்றோர் பட்டணத்துத் தாமானுக்குப் போய்விட்டார்கள். ஆனால் தம்பியின் ஐ.சி.யில் மட்டும் அதே தோட்டத்து முகவரி. வீடு இல்லை, லயம் இல்லை. ஓட்டு மட்டும் அங்கேயே கிடக்கிறது!

"உமக்குத் தபால் ஓட்டு கிடையாது தம்பி" என்றோம். அவர் நம்பவில்லை.

தோழர்களே, பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு. நம் நாட்டில் தபால் ஓட்டு எல்லாருக்கும் உரியதல்ல. தேர்தல் வேலையில் இருப்பவர்கள், செய்தியாளர்கள், மருத்துவமனை, தீயணைப்பு போன்ற சில துறைகளில் அன்று கடமையில் இருப்பவர்கள், வெளிநாட்டில் வாழ்பவர்கள் ஆகியோருக்கே அது உண்டு. இராணுவத்தினரும் போலீசாரும் முன்கூட்டியே வாக்களிக்கத் தனி நாள் உண்டு. கெடாவில் ஓட்டை வைத்துக்கொண்டு ஜொகூரில் உழைக்கும் தொழிலாளி இந்தப் பட்டியலில் இல்லை. அவர் நேரில்தான் போக வேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள். தேர்தல் அறிவித்தவுடன் தேர்தல் ஆணையத்துக்கு மனுச் செய்ய வேண்டும். ஓட்டுச் சீட்டு வந்ததும் அடையாளமிட்டு உள் உறையில் போட்டு ஒட்ட வேண்டும். மலேசியக் குடிமகன் ஒருவர் சாட்சியாக இருக்க, உறுதிமொழிப் பாரத்தில் கையெழுத்திட்டு, இரண்டையும் வெளி உறையில் வைத்து அனுப்ப வேண்டும். வாக்களிப்பு நாள் மாலை மணி 5-க்குள் அது தேர்தல் அதிகாரியின் கைக்கு வந்து சேராவிட்டால் செல்லாது. 2018-லும் 2022-லும் சீட்டு தாமதமாக வந்து தவித்தவர்கள் ஏராளம். 2022 பொதுத் தேர்தலில் சிங்கப்பூரில் இருந்தவர்களுக்குத் தபால் ஓட்டே இல்லை. பாலம் கடந்து வந்தார்கள். இந்த விதிகள் மாறக்கூடியவை. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆணையத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

"ஒரு ஓட்டுதானே, விடுங்கண்ணே" என்றார் தம்பி. விடக்கூடாது. ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது அரச விசாரணை ஆணையம் ஒன்று. அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தேர்தலையே எடுத்துவிட்டது. இன்று கவுன்சிலரை நியமிப்பது மாநில அரசு. ஆகவே கால்வாய்க்கும் ரோட்டு விளக்குக்கும் குப்பை லாரிக்கும் நாம் போடும் ஓட்டு, சட்டமன்ற ஓட்டுதான். அதையும் பழைய லயத்திலே விட்டுவிட்டு, புதுத் தாமானில் கால்வாய் அடைத்துக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது?

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலாவது: வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் ஐ.சி. முகவரியை மாற்ற வேண்டும். இது சட்டம். முகவரியைக் காட்டும் கரண்டு பில்லோ தண்ணீர் பில்லோ இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

இரண்டாவது: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிரம்பியவர் ஐ.சி. முகவரிப்படி தானாகவே வாக்காளராகப் பதிவாகிறார். ஆனால் பதிவான பிறகு வீடு மாறினால், ஓட்டு தானாக நம் பின்னால் வராது! ஐ.சி.யை மாற்றியபின், தொகுதியை மாற்றச் சொல்லித் தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும். ஆணையத்தின் அலுவலகத்திலும் செய்யலாம். கைப்பேசியில் இணையம் வழியும் செய்யலாம். தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது: பெயர் புது இடத்துக்கு வந்துவிட்டதா என்று ஐ.சி. எண்ணைப் போட்டுப் பாருங்கள். இதையெல்லாம் தேர்தல் இல்லாத காலத்தில் செய்ய வேண்டும். சட்டமன்றம் கலைந்தபின் ஓடினால், பழைய பட்டியல்தான் கையில் இருக்கும்.

இன்னும் தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25-வது பிரிவு நமக்காக இருக்கிறது. வாக்களிப்பு நாளன்று ஓட்டுப் போட்டுவர நியாயமான நேரத்தை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்துக்காகச் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது; தண்டனையும் கொடுக்கக்கூடாது. "பால் எடுத்து முடிச்சிட்டுப் போ, இல்லாட்டி அரை நாள் வெட்டு" என்று யாராவது சொன்னால், மரியாதையாக இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். தனியாக நின்று சண்டை போட வேண்டாம்.

அந்தத் தம்பி கடைசியில் என்ன செய்தார்? இரவு பஸ் ஏறிக் கெடாவுக்குப் போனார். தான் படித்த தோட்டத்துப் பள்ளிக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போயிற்று. "போனா போவுது அண்ணே, ஆனா அடுத்த தடவ இப்படி அலைய மாட்டேன்" என்றார். திரும்பி வந்த வாரமே ஐ.சி.யை மாற்றினார். பிறகு ஆணையத்துக்கும் மனுப் போட்டார்.

தோழர்களே, இன்று சாயங்காலம் வீட்டில் உள்ள ஐ.சி.களை எல்லாம் எடுத்து, முன்பக்கத்தில் எழுதியிருக்கும் முகவரியைப் படித்துப் பாருங்கள். அந்த வீட்டில்தான் இருக்கிறீர்களா? இல்லையென்றால் நாளையே புறப்படுங்கள். லயத்தை இடித்தவன் நம் ஓட்டையும் சேர்த்து இடிக்க விடலாமா?