16 ஓவர், 111 ரன், விக்கெட் இல்லை

தாம்பரத்தில் காலை நேர பீச் வண்டியில் ஏறுகிறவர்களிடம் ஒரு பந்து வீச்சாளரை ஒப்படைத்துப் பாருங்கள். சானடோரியத்தில் குற்றப்பத்திரிகை தயார். குரோம்பேட்டையில் விசாரணை. பல்லாவரம் வருவதற்குள் தீர்ப்பு: "ஆள் முடிஞ்சான் சார்." ஒரே சாட்சியம், சீசன் தொடங்குவதற்கு முன் ஏதோ ஒரு பயிற்சி ஆட்டத்தில் 4 ஓவரில் 50 ரன் கொடுத்தார் என்கிற செய்தி. மேல்முறையீட்டுக்கு வழியில்லை. கிண்டியில் பாதி ஜூரிகள் இறங்கி ஆபீஸ் போய்விடுவார்கள்.

அந்தப் பெட்டியில் நீங்களும் இருந்திருப்பீர்கள். நானும் இருந்திருக்கிறேன். இந்தத் தீர்ப்பு எவ்வளவு அபத்தமானது என்பதற்கு வெளியூர் உதாரணம் தேடவேண்டாம். நம்ம சேப்பாக்கத்திலேயே இருக்கிறது.

1998 பிப்ரவரி. ஆஸ்திரேலிய அணி இந்தியாவுக்கு வந்திருந்தது. டெஸ்ட் தொடருக்கு முன் மும்பை பிரபோர்ன் மைதானத்தில் மும்பை அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 204. மறைந்த ஷேன் வார்ன் போட்டது 16 ஓவர், கொடுத்தது 111 ரன், விக்கெட் ஒன்றுகூட இல்லை. அவ்வளவுதான், வார்ன் காலி என்று தேசமே முடிவு கட்டியது.

மார்ச் 6. சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட். வார்னின் பந்தில் டெண்டுல்கர் ஸ்லிப்பில் மார்க் டெய்லரிடம் கேட்ச் கொடுத்து வெளியே போனார். எடுத்த ரன் 4. அந்த இன்னிங்ஸில் வார்ன் 85 ரன்னுக்கு 4 விக்கெட். மும்பையில் 'காலி' ஆனவர் பத்தே நாளில் சென்னையில் உயிர்த்தெழுந்துவிட்டார்.

"அவசரப்படாதீங்க, ரெண்டாவது இன்னிங்ஸைச் சொல்லுங்க" என்பீர்கள். சொல்கிறேன். டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 155. வார்னுக்கு 122 ரன்னுக்கு ஒரே விக்கெட். இந்தியாவுக்கு 179 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அப்படியானால் மும்பை ஆட்டம் சொன்னது சரிதானே?

இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. மும்பையில் எல்லோரும் 111 என்ற எண்ணைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தபோது, டெண்டுல்கர் வேறொன்றைக் கவனித்தார். வார்ன் ரவுண்ட் த விக்கெட் வந்து, லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே இருக்கும் கரடுமுரடான இடத்தில் பந்தைக் குத்தவே இல்லை. அதை டெஸ்டுக்காக ஒளித்து வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டதை டெண்டுல்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சென்னைக்கு வந்து, வலைப்பயிற்சியில் லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே ஆடுகளத்தைக் கீறிவிட்டு, அங்கே பந்து போடச் சொன்னது யாரிடம்? நம்ம லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனிடம். 1984-ல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்த அதே சிவா.

204 அடித்தவரே அந்தக் கணக்கை நம்பவில்லை. போடாத பந்துக்காக மெனக்கெட்டார். நாம்தான் பேப்பரில் வந்த எண்ணை நம்பிக்கொண்டிருந்தோம்.

பயிற்சி ஆட்டம் என்பது என்ன? ஒத்திகை. அதில் பந்து வீச்சாளர் விக்கெட் எடுக்க மட்டும் வருவதில்லை. புதிதாகக் கற்ற ஸ்லோ பாலைப் போட்டுப் பார்க்க வருகிறார். ஓய்வுக்குப் பின் ஒரு நாளில் எத்தனை ஓவர் உடம்பு தாங்குகிறது என்று பார்க்க வருகிறார். அமெரிக்காவில் பேஸ்பால் சீசனுக்கு முன் பிப்ரவரி, மார்ச்சில் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் ஆட்டங்கள் நடக்கின்றன. பந்து எறிகிற பிட்சர்கள் அங்கே புது எறிகளைப் பரீட்சித்து அடி வாங்குவது வழக்கம். அந்த ஆட்டங்கள் சீசன் கணக்கில் சேராது. அங்கேயும் இரண்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் புலம்புகிற ரசிகர்கள் உண்டு என்பதில் நமக்கு ஒரு ஆறுதல்.

"அப்ப கவலையே படவேண்டாமா?" படவேண்டும். சரியான விஷயத்துக்கு.

2011 ஜூலை. இங்கிலாந்தில் டெஸ்ட் தொடருக்கு முன் சோமர்செட் அணியோடு பயிற்சி ஆட்டம். சோமர்செட் 3 விக்கெட்டுக்கு 425. கவலைப்பட வேண்டியது அந்த 425-க்காக அல்ல. ஜாகீர் கான் காயத்தால் மேற்கிந்தியத் தீவுகள் தொடரை விட்டுவிட்டு நேராக அங்கே வந்திருந்தார். லார்ட்ஸ் டெஸ்டின் முதல் நாள், 13.3 ஓவர் போட்டதும் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அந்த 13.3 ஓவரில் அவர் 2 விக்கெட் எடுத்து, கொடுத்தது வெறும் 18 ரன்! கணக்கு ஜோராக இருந்தது, கால்தான் இல்லை. தொடர் 4-0 என்று போனது. வார்ன் விஷயத்திலும் அப்படித்தான். இந்தியத் தொடர் முடிந்த சில மாதங்களில், 1998-லேயே, அவருக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. பார்த்திருக்க வேண்டியது தோளை. நாம் பார்த்தது 111-ஐ.

கணக்கு நன்றாக இருந்தால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. 2020 டிசம்பரில் சிட்னி பயிற்சி ஆட்டத்தில் நம் பந்து வீச்சாளர்கள் ஆஸ்திரேலியா ஏ அணியை 108-க்குச் சுருட்டினார்கள். பும்ரா பேட்டிங்கில்கூட ஆட்டமிழக்காமல் 55. அடுத்த வாரமே அடிலெய்டில் இந்தியா 36-க்கு ஆல் அவுட். காமர்ஸ் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ட்ரையல் பேலன்ஸ் ஒத்துப்போனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது முதல் வருடப் பாடம். மெஷின் வாங்கிய பணத்தை ரிப்பேர் செலவில் எழுதினாலும் இரண்டு பக்கமும் அழகாக ஒத்துப்போகும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சூடாகச் சொல்கிறேன்? வார்னுக்கும் ஜாகீருக்கும் நம் தீர்ப்பால் ஒரு நஷ்டமும் கிடையாது. நஷ்டம் வேறு ஆளுக்கு.

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு பயிற்சி மைதானம். பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ஒரு பையன் லெக் ஸ்பின் போடுவான். பதினான்கு வயது இருக்கும். பந்து காற்றில் மிதந்து வந்து, விழுந்த இடத்தில் சீறித் திரும்பும். நாலில் ஒன்று அப்படி. இன்னொன்று ஃபுல்டாஸாகப் போய் வேலிக்கு வெளியே விழும். அவன் அப்பா எல்லைக் கோட்டருகே பைக்கில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார். ஆட்டம் முடிந்ததும் முதல் கேள்வி: "இன்னிக்கு எவ்வளவு குடுத்தே?" கோச்சும் அதே நோட்டைப் பார்த்துத்தான் அடுத்த வார அணியை முடிவு செய்தார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். பையன் தேறிவிட்டான். 4 ஓவரில் 18 ரன். அப்பா முகத்தில் அப்படியொரு திருப்தி. பந்து மட்டும் திரும்பவில்லை. தட்டையாக, வேகமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அடி வாங்காமல் இருக்க ஒரே வழி லெக் ஸ்பின் போடாமல் இருப்பது என்று கற்றுக்கொண்டுவிட்டான். அந்தப் பாடத்தை நடத்தியது அந்த நோட்டு.

அடி வாங்க அனுமதி இல்லாத இடத்துக்குப் பயிற்சி என்று ஏன் பெயர் வைக்கிறீர்கள்? பரீட்சை என்று வைத்துவிட்டுப் போங்களேன்.

மார்ச் வந்தால் ஐபிஎல் பயிற்சி ஆட்டங்கள் வரும். பெட்டியில் பக்கத்து சீட்காரர் யாரையாவது முடித்து வைப்பார். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வேகம் குறைந்திருக்கிறதா? ஓடி வருவதிலோ கையைச் சுழற்றுவதிலோ மாற்றம் தெரிகிறதா? சொன்ன ஓவர்களை முழுசாகப் போட்டாரா? மூன்றுக்கும் பதில் தெரியாதவர் தீர்ப்பு சொல்லக் கூடாது.

உங்கள் வீட்டில் பந்து போடுகிற பிள்ளை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது கேள்வியையும் மாற்றுங்கள். "எவ்வளவு குடுத்தே?" வேண்டாம். "இன்னிக்குப் புதுசா என்ன போட்டுப் பார்த்தே?" என்று கேளுங்கள்.