கறிக்கு மரியாதை, கைக்குத் தீட்டு

"மாட்டுக்கறியெல்லாம் இப்போது ஒரு பிரச்சினையே இல்லைங்க. கொரியன் ரெஸ்டாரண்டுக்குப் போய்ப் பாருங்கள், எல்லாச் சாதிக்காரர்களும் உட்கார்ந்து பீஃப் சாப்பிடுகிறார்கள்."

இந்தப் பேச்சைக் கொஞ்ச காலமாக அடிக்கடி கேட்கிறோம். சொல்கிறவர்கள் சங்கிகள் என்றால் விட்டுவிடலாம். நம் கூட்டங்களுக்கு வந்து கைதட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். நம் அமைப்புகளுக்கு நிதி தருகிறவர்கள் சொல்கிறார்கள். சந்தை வளர வளரத் தீட்டு தானாகக் கழன்று விழும் என்பது இதன் பொருள். நீங்கள் இன்னும் எதற்குக் கத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்பது இதன் உட்பொருள்.

அவர்கள் சாட்சிக்கு இழுக்கும் கொரியாவை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம்.

முதலில் அந்த மேசை. சென்னைக்குக் கொரியச் சாப்பாடு நாடகத் தொடர்கள் மூலமாக வரவில்லை. தொழிற்சாலை வழியாக வந்தது. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்தது. அதன் பின்னாலேயே உதிரிபாக நிறுவனங்கள் வந்தன. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் வந்தது. அங்கிருந்து வந்த பொறியாளர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஊர்ச் சாப்பாடு வேண்டியிருந்தது. அப்படி முளைத்த கடைகளுக்குள் பிடிஎஸ் பாட்டும் கே-டிராமாவும் பார்த்த நம் இளைஞர்கள் பின்னால்தான் நுழைந்தார்கள். இன்று அவற்றில் சில, பணக்காரர்கள் முன்கூட்டியே இடம் பிடித்துவைத்துப் போகும் இடங்களாகிவிட்டன.

அண்மையில் நிதியுதவி அமைப்பொன்றின் கூட்டம் முடிந்ததும் அப்படியொரு கடைக்கு எங்களை அழைத்துப் போனார்கள். எட்டே மேசைகள், மங்கிய வெளிச்சம். மேசை நடுவில் கரி அடுப்பு, அதன் மேல் புகையை இழுக்கும் குழாய். சின்னச் சின்னக் கிண்ணங்களில் பான்சான் என்கிற தொடுகறிகள். பரிமாறுகிறவரே இடுக்கியால் கறியைப் புரட்டி, கத்தரிக்கோலால் நறுக்கி, கீரை இலையில் சுற்றிச் சாப்பிடும் முறையைக் காட்டினார். ஒரு தட்டு மாட்டுக்கறியின் விலை ஆயிரத்தைத் தாண்டியது. கறி நன்றாக இருந்தது. ரசித்துத்தான் சாப்பிட்டோம்.

எங்களை அழைத்துப் போனவர் நெருப்பில் வாடிய கறியைக் காட்டி, "பாருங்கள், இந்த மேசையில் சாதி இருக்கிறதா?" என்று கேட்டார். அவருடைய அலுவலகத்துக்கு நாங்கள் பலமுறை போயிருக்கிறோம். அங்கே சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "தயவுசெய்து அசைவ உணவு கொண்டு வர வேண்டாம்." மதிய வேளையில் டிபன் பாக்ஸோடு மொட்டை மாடிப் படிக்கட்டுக்குப் போகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியுமோ இல்லையோ, எங்களுக்குத் தெரியும்.

கொரியச் சமையலில் மேட்டுக்குடி நாக்கு இன்று கொண்டாடுகிற பலவும் சேரிக்குப் பழகியவை. யுக்போ என்பது மசாலா தடவி உலர்த்திய மாட்டுக்கறி. நம் வீடுகளில் கயிற்றில் தொங்கிய உப்புக்கண்டம் அதற்கு அண்ணன். கொப்சாங் என்பது நெருப்பில் வாட்டிய குடல், நம்முடைய போட்டி. சுந்தே என்பது ரத்தம் சேர்த்து அடைத்த பன்றிக் குடல். ரத்தப் பொரியல் தின்று வளர்ந்தவருக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. சொல்லொங்தாங் என்பது மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துப் பால் நிறத்தில் இறக்கும் சாறு. நம் பாட்டிமார்களிடம் இதைச் சொன்னால் "இதுக்கு எதுக்குடா இத்தனை பேரு?" என்று கேட்பார்கள். ஒரே குடல், ஒரே எலும்பு. கொரியப் பெயர் வைத்தால் சுவை, நம் பெயர் வைத்தால் நாற்றம்.

இது மாட்டுக்கறியோடு நிற்பதில்லை. அன்று எங்களுக்குப் பரிமாறியவர்கள் நாகாலாந்து, மணிப்பூர் இளைஞர்கள். கொரியச் சமையலின் அடிப்படை தொயென்ஜாங் என்கிற புளிக்கவைத்த சோயா விழுது. நாகா வீடுகளில் அகுனி என்ற பெயரில் புளிக்கவைத்த சோயா உண்டு. 2007இல் தில்லி காவல்துறை வடகிழக்கு மாணவர்களுக்கென்று ஓர் அறிவுரைக் கையேடு வெளியிட்டது. அகுனி, மூங்கில் குருத்து போன்ற வாடை வீசும் பண்டங்களை அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவில்லாமல் சமைக்கச் சொன்னது அது. கொரியர் புளிக்கவைத்தால் பாரம்பரியம். நாகா மாணவி புளிக்கவைத்தால் காவல்துறை அறிவுரை. மூக்கு மணத்தைப் பிரிப்பதற்கு முன்பே, சமைக்கும் கை யாருடையது என்று மூளை பிரித்துவிடுகிறது.

ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் சாதி போய்விடும் என்ற நம்பிக்கை பழையது. தமிழ்நாட்டில் அதற்கு சமபந்தி போஜனம் என்று பெயர். சுதந்திர தினத்தன்று கோயில்களில் அதிகாரிகள் இலை போட்டு உட்காருவார்கள், புகைப்படம் வரும், மறுநாள் ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும் இருக்கும். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச அனுமதிக்கப்படாத 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதற்குப் பதில் சொல்லிவிட்டார். சேர்ந்து உண்பது சாதி உணர்வைக் கொல்லவில்லை என்றார். சாதி மறுப்புத் திருமணத்தையும், சாதிக்குப் புனிதம் தருகிற சாத்திரங்களைத் தகர்ப்பதையும்தான் வழியாகக் காட்டினார். கொரிய உணவக வாதம் சமபந்தியின் ஏசி பதிப்பு, அவ்வளவுதான். சமபந்தியில் நமக்கும் ஓர் இலை போட்டார்கள். இங்கே ஆயிரம் ரூபாய் இருந்தால்தான் இலை.

இப்போது கொரியாவுக்குப் போவோம். கொரியாவில் சோசன் மன்னராட்சிக் காலத்தில் பேக்ஜோங் என்றொரு மக்கள் பிரிவு இருந்தது. மாடு அறுப்பது, தோல் பதனிடுவது, கூடை முடைவது அவர்கள் தொழில். ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. பட்டு உடுத்தக் கூடாது. ஓட்டு வீடு கட்டக் கூடாது. மற்றவர் வீட்டுச் சிறு பிள்ளையிடம்கூடப் பணிந்துதான் பேச வேண்டும். தோழர்களே, இது எந்த ஊர்க் கதை என்று சொல்லாமல் படித்திருந்தால் நம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லியிருப்பீர்கள்.

அந்தப் பெயரின் கதையையும் கேளுங்கள். பேக்ஜோங் என்றால் முதலில் சாதாரணக் குடியானவர் என்றுதான் பொருள். 1423இல் செஜோங் மன்னர், ஒதுக்கப்பட்டிருந்த மக்களையும் இனி அப்படியே அழைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். குடியானவர்கள் ஏற்கவில்லை. இவர்களைப் 'புது பேக்ஜோங்' என்று பிரித்துச் சொன்னார்கள். கடைசியில் அந்தப் பெயரே வேண்டாமென்று அவர்கள் விட்டு விலகினார்கள். மரியாதைப் பெயர் வசைச்சொல் ஆனது. மேலிருந்து சூட்டிய 'ஹரிஜன்' என்ற பெயர் என்ன ஆனது என்று அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. யாங்பான் என்ற அந்நாட்டு மேல்குடியினர் மாட்டுக்கறியை விட்டு விலகி இருந்தவர்கள் இல்லை. உழவு மாட்டைக் காக்க அரசு திரும்பத் திரும்பத் தடை போட்டது. தடையை மீறியும் அவர்கள் தின்றார்கள். அவர்களுக்கு அதுதான் விருந்துகளில் தலையாய உணவு. ஊரே ஆசையோடு தின்ற கறி அது. அந்தக் கறியை அறுத்துக் கொடுத்தவர் மட்டும் தீண்டத்தகாதவர். நூற்றாண்டுக் கணக்கில் ஒரே மாட்டைத் தின்றும் ஒருவர் மனதிலும் தீட்டு கரையவில்லை. சந்தை கரைக்கும் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

1894இல் சட்டப்படி அந்த இழிநிலை ஒழிக்கப்பட்டது. சட்டப்படி மட்டும். குடும்பப் பதிவேட்டில் கசாப்புக்காரர் என்ற அடையாளம் தொடர்ந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். 1909இல் ஜின்ஜு நகரத் தேவாலயத்தில் அவர்களை மற்றவர்களோடு ஒன்றாக உட்காரவைத்தபோது மற்ற விசுவாசிகள் எழுந்து வெளியே போனார்கள்.

அதே ஜின்ஜுவில் 1923 ஏப்ரலில் பேக்ஜோங் மக்கள் ஹியோங்பியோங்சா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தராசின் கோல் சமமாக நிற்பதைக் குறிக்கும் சொல் அது. கறி நிறுத்த தராசையே அவர்கள் சமத்துவத்தின் சின்னமாக்கினார்கள். தலைவர்களில் ஒருவரான சாங் ஜி-பில் கசாப்புக்காரர் குடும்பத்தில் பிறந்து ஜப்பானுக்குப் போய்ப் படித்தவர். ஜப்பானில் புராக்கு மக்கள் 1922இல் தொடங்கிய சுய்ஹெய்ஷா இயக்கத்தோடு இவர்கள் தொடர்பு வைத்திருந்தார்கள். மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளுவதற்கு நான்கு ஆண்டுகள் முந்தைய எழுச்சி இது.

எதிராளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜின்ஜுவில் கூட்டம் கூட்டி, மாட்டுக்கறி வாங்குவதை நிறுத்தினார்கள்! அத்தனை காலம் ஆசையாகத் தின்றவர்கள், அறுத்தவன் "நானும் மனிதன்" என்று சொன்ன மாதமே கறியைப் புறக்கணித்தார்கள். 1925இல் யேசொன் என்ற ஊரில் அமைப்பின் கிளை மீது கும்பலாகத் தாக்குதல் நடத்தினார்கள். நாக்குக்கும் சாதிக்கும் மோதல் வந்தால் ஆதிக்க சாதி நாக்கைத்தான் அடக்கும். நாம் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இதுதான்.

பிறகு அடக்குமுறை வந்தது, போர் வந்தது, ஊர்கள் இடம்பெயர்ந்தன. இன்று தென்கொரியாவில் "நான் பேக்ஜோங் வழி வந்தவன்" என்று சொல்பவரைக் காண்பது அரிது. ஆனால் அந்தச் சொல் சாகவில்லை. கொடூரக் கொலைகாரனை "மனித பேக்ஜோங்" என்று திட்டுகிறார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் நகரங்களில் பேக்ஜோங் என்ற பெயரிலேயே இறைச்சி உணவகங்கள் நடக்கின்றன. வரிசையில் நின்று சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் வரலாறு தெரியும்? கறி உலகப் புகழ் பெற்றது. கறியைத் தந்த கை பெயர்ப்பலகையானது.

கொரியர்களோடு நமக்கு வழக்கில்லை. அந்த உணவகங்களோடும் இல்லை. காசு இருந்தால் போங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். உழைத்துச் சம்பாதித்த தலித் பிள்ளை கரி அடுப்பின் முன் உட்கார்ந்து கல்பி சாப்பிடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் நம் தட்டுக்கு மரியாதை கேட்கும்போது "கொரியாவிலும் சாப்பிடுகிறார்கள், ஜப்பானிலும் சாப்பிடுகிறார்கள்" என்று வாதாடுவதை நிறுத்துவோம். உலகத்தில் ஒருவரும் தின்னாவிட்டாலும் நாம் தின்பது நம் உரிமை. வெளிநாட்டுச் சான்றிதழ் வாங்கித்தான் நம் பாட்டியின் உப்புக்கண்டம் கௌரவம் பெற வேண்டுமென்றால், அது பாட்டிக்குச் செய்கிற அவமானம்.

சந்தை இங்கே எதைக் கரைத்திருக்கிறது என்று பாருங்கள். 2017 மே மாதம் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆராய்ச்சி மாணவர், கண்ணில் காயம்படும் அளவுக்குத் தாக்கப்பட்டார். 2018 டிசம்பரில் அதே வளாகத்தின் உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று தாள் ஒட்டினார்கள், எதிர்ப்பு வந்தபின் கிழித்தார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்து, மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்பு கிளம்பியது, மாநில எஸ்சி எஸ்டி ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழை வரும் என்று சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். இத்தனையும் நடந்தபோது சென்னையில் கொரிய உணவகங்கள் எந்தத் தடையுமில்லாமல் மாட்டுக்கறி பரிமாறிக்கொண்டுதான் இருந்தன.

ஆகவே மாணவத் தோழர்களே, நம் வேலை மேசையில் இல்லை, மேசைக்கு வெளியே இருக்கிறது. உங்கள் விடுதி உணவுப் பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். அலுவலகச் சுவரில் ஒட்டிய தாளை யார் கையெழுத்திட்டு ஒட்டினார்கள் என்று கேளுங்கள். அரசு விழாவில் எந்தக் கடைக்கு இடம் மறுத்தார்கள் என்று கேளுங்கள். ஆடுதொட்டியில் விடியற்காலையில் ரத்தத்தில் நிற்கிறவருக்குக் கையுறை உண்டா, காலணி உண்டா, விபத்தானால் இழப்பீடு உண்டா என்று போய்ப் பார்த்து எழுதுங்கள். ஜின்ஜுவில் அன்று தராசைத் தூக்கியவர்கள் விருந்துக்கு அழைப்பு கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தையும் பதிவேட்டையும் மரியாதையையும் கேட்டார்கள்.

இனி யாராவது "நான்கூட பீஃப் சாப்பிடுவேன்" என்று பெருமையோடு சொன்னால் மகிழ்ச்சி என்று சொல்லுங்கள். அதோடு விடாதீர்கள். உங்கள் மாடி வீடு காலியாகத்தானே இருக்கிறது, எங்களுக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று கேளுங்கள்.