தோற்றபின் சொல்லும் சொல்

சென்ற வாரம் முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்கள் ஊர்க் கழகம் உதைபந்தாட்டத்தில் ஒரு கோலினால் தோற்றது. மறுநாள் வகுப்பில், கோல் காப்பாளனாக நின்ற மாணவனோடு ஒருவரும் பேசினாரில்லை. "அவன் விட்ட பிழைதானே, சேர்!" என்றான் ஒருவன்.

பாடத்தை நிறுத்திப் பழைய கதையொன்றைச் சொன்னேன். 1950 யூலை 16ஆந் திகதி, மரக்கானா அரங்கில் உருகுவேயுடன் சமநிலை கண்டாலே உலகக் கிண்ணம் பிரேசிலுக்குக் கிடைத்திருக்கும். உருகுவேயோ 2-1 என வென்றது. நாடே அழுதது. அழுகை ஓய்ந்தது, கோல் காப்பாளர் பார்போசாவின்மேற் சுமத்திய பழி ஓயவில்லை. 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அதனை அவர் சுமந்தார்.

அன்று தந்தை அழக் கண்ட ஒன்பது வயதுச் சிறுவன் பெலேயோ, "நான் கிண்ணம் வென்று தருவேன்" என்று அவரைத் தேற்றினான். 1958இல் வென்ற அணியில் அவனும் ஆடினான்.

துயரம் ஒன்றே, அதிலிருந்து மீள மனிதர் கொண்ட வழிகள் இரண்டு. தோற்றால் அழுங்கள், அது பற்றின் அடையாளம். ஆனால் பதினொருவர் தோல்வியை ஒருவன் தோளில் ஏற்றுதல் அறமன்று.

அன்று மாலை, கல்லூரி வாயிலிற் பந்தோடு இருவர் அவனுக்காகக் காத்து நின்றனர்.